வெளிநாட்டு பணித்தளத்துல ஒரு நாள் எப்படி ஓடும்: கென்யாவுக்கு மிஷனெரியா போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்க ஊர் பக்கத்துல இருந்து ஒரு தம்பியும் அவன் வீட்டம்மாவும் கென்யாவுக்கு ஊழியத்துக்கு வரப்போறாங்க, போன மாசம் வாய்ஸ் நோட் அனுப்பிருந்தான், "அக்கா, ட்ரெயினிங்ல எல்லாம் சொல்லிட்டாங்க, ஆனா அங்க ஒரு நாள் எப்படி ஓடும்னு மட்டும் யாரும் சொல்லலை, நீங்க சொல்லுங்க"ன்னு. பதிலுக்கு நான் அனுப்பின வாய்ஸ் நோட் பதினெட்டு ஆச்சு. அதுக்கு இப்படி எழுதியே வச்சிரலாம்னு தோணுச்சு, அவனுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் ஆகும்.

நான் நாசரேத் பக்கம். ஒம்போது வருஷமா மேற்கு கென்யாவுல, விக்டோரியா ஏரிக்கரையில, கிசுமு டவுன்ல இருந்து ஒரு மணி நேரம் உள்ள இருக்குற ஒரு கிராமத்துல இருக்கோம். வீட்டுக்காரர் கிராமத்துப் போதகர்களுக்கு வேதபாடம் நடத்துறாரு, நான் பொம்பளைங்களுக்கு தையல் சொல்லிக் குடுக்கலாம்னு வந்தேன், இப்ப தையலோட மத்த எல்லாத்தையும் சேத்துப் பண்ணிட்டிருக்கேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இங்க வந்தா உங்க நேரத்துல முக்கால்வாசி தண்ணி, அடுப்பு, பெர்மிட் ஆபீஸ், வந்தவங்களுக்கு சாயா, சாவு வீடுன்னுதான் போகும். இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஊழியத்த ஆரம்பிக்கலாம்னு உக்காந்திருந்தா ஆரம்பிக்கவே மாட்டீங்க, நான் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் உக்காந்திருந்தேன்.

படி 1: பேப்பர் வேலை

சுருக்கமா முடிச்சிடுறேன், ஏன்னா இது சலிப்பான விஷயம், ஆனா இதுல கோட்ட விட்டா மத்த எதுவுமே கெடையாது. கென்யாவுல 2024 ஜனவரியில இருந்து பழைய விசா இல்ல, ஆன்லைன்ல இ.டி.ஏ.ன்னு ஒரு பயண அனுமதி எடுக்கணும். ஆனா அது சும்மா பாத்துட்டு போறவங்களுக்கு. ஊழியம் பண்ணணும்னா கிளாஸ் ஐ பெர்மிட் வேணும், அதாவது ஏ, பி, சி வரிசையில வர்ற ஐ, மத வேலைக்கும் தர்ம காரியத்துக்கும் வர்றவங்களுக்குன்னே இருக்குற வகை. இத நீங்களா போய் கேட்டு வாங்க முடியாது, கென்யாவுல பதிவான ஒரு சபையோ அமைப்போ உங்களுக்காக அப்ளை பண்ணணும். டூரிஸ்டா உள்ள போய் அங்க பாத்துக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அந்த மாதிரி வந்து பிரசங்கம் பண்ணிட்டு இருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு கெளம்பின கதை எனக்குத் தெரியும், அவங்களால அந்த சபைக்கும் கெட்ட பேரு.

பாஸ்போர்ட் சேவாவுல போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. கல்யாண சர்ட்டிஃபிகேட், படிப்பு சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினல் ஒரு செட், காப்பி நாலு செட். 90 நாளைக்கு மேல தங்குறவங்க வெளிநாட்டவரா பதிவு பண்ணி கார்டு வாங்கணும். வரி ஆபீஸ்ல இருந்து பின் நம்பர் ஒண்ணு எடுக்கணும், பேங்க் அக்கவுண்ட்ல இருந்து எல்லாத்துக்கும் அத கேப்பாங்க. பெர்மிட் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே ரினியூவல ஆரம்பிச்சிருங்க. நைரோபியில இருக்குற இந்திய ஹை கமிஷன்ல பேர பதிஞ்சு வச்சிருங்க.

படி 2: ஊசி, கொசுவலை, நத்தை

முதல் ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு, யெல்லோ ஃபீவர், மஞ்சக்காமாலைன்னு நெனச்சு கொழப்பிக்காதீங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, கெளம்புறதுக்கு குறைஞ்சது 10 நாளைக்கு முன்னாடி போட்டிருக்கணும், அந்த மஞ்சள் கலர் கார்டு இப்ப ஆயுசுக்கும் செல்லும். கென்யாவுக்குள்ள போகும்போது கேக்குறத விட, லீவுல திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல கேக்குறதுதான் கண்டிப்பு. கார்டு இல்லாட்டி 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க, அம்மா மீன் கொழம்பு வச்சுட்டு வீட்ல காத்திருக்க நீங்க குவாரன்டைன்ல இருப்பீங்க.

மலேரியாவ பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். ஏரிக்கரை பூரா மலேரியா உள்ள எடம். 1844-ல மொம்பாசாவுக்கு வந்த கிராப்ஃப்ங்கிற ஜெர்மன் மிஷனெரி, வந்த ரெண்டு மாசத்துலயே பெண்டாட்டியையும் பொறந்த பச்சப் புள்ளையையும் காய்ச்சலுக்குக் குடுத்துட்டாரு. இன்னைக்கு மருந்து இருக்கு, சின்னப் புள்ளைங்களுக்கு தடுப்பூசியே 2019-ல இந்தப் பக்கத்துலயும் போட ஆரம்பிச்சாங்க. ஆனாலும் பெரியவங்களுக்கு கொசுவலைதான் காவல். விசுவாசம் இருக்குறவனுக்கு வலை எதுக்குன்னு ஒரு அண்ணன் எங்ககிட்ட பேசினாரு, மூணாம் மாசம் அவர தோள்ல தாங்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்தது என் வீட்டுக்காரர். காய்ச்சல் அடிச்சா அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, காத்திருந்து பாக்காதீங்க. லீவுல ஊருக்கு வந்தப்புறம் காய்ச்சல் வந்தாலும் நம்ம ஊர் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "நான் ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கேன்"னு சொல்லுங்க, இல்லாட்டி அவரு வைரல் ஃபீவர்னு மாத்திர எழுதி அனுப்பிருவாரு, இங்கத்த மலேரியா ரெண்டு நாள்ல மூளைக்கு ஏறக்கூடிய ஜாதி.

அப்புறம் ஏரி. பாக்க கடல் மாதிரி அழகா இருக்கும், நமக்கு தாமிரபரணியில குதிச்ச பழக்கம், கால வைக்கத் தோணும். வைக்காதீங்க. அந்தத் தண்ணியில இருக்குற ஒரு வகை நத்தையில இருந்து வர்ற புழு தோல் வழியாவே உள்ள போயிரும், பில்ஹார்சியான்னு பேரு. நீர்யானையும் உண்டு. எங்க சபையில ஞானஸ்நானம் ஏரியிலதான் குடுப்பாங்க, அதனால என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருதடவ டாக்டர்கிட்ட கேட்டு அதுக்கு மாத்திர எடுத்துக்குவாரு.

படி 3: முதல் ஆறு மாசம் வாயத் தொறந்து பிரசங்கம் பண்ணாதீங்க

இது என் சொந்தக் கருத்து, எங்க வீட்லயே இதுக்கு எதிர்ப்பு உண்டு. ஆனா தரங்கம்பாடிக்கு 1706-ல வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட மணல்ல உக்காந்து அ ஆ எழுதிக் கத்துக்கிட்டாருல்ல, அப்படிக் கத்துக்கிட்டதாலதான் ஒம்போது வருஷத்துல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வந்துச்சு. நமக்கு அவரு பண்ணினத நாம இங்க பண்ணணும். இங்கிலீஷ் எல்லா ஆபீஸ்லயும் ஓடும், அதுதான் ஆபத்து, அது போதும்னு தோணிரும். சந்தைக்கும் டவுனுக்கும் ஸ்வாஹிலி. எங்க கிராமத்துல லுவோ மக்கள், அவங்க வீட்டுக்குள்ள பேசறது தொலுவோ. அழுகைக்கும் ஜெபத்துக்கும் அந்த பாஷைதான்.

நல்ல செய்தி என்னன்னா ஸ்வாஹிலி நமக்கு ரொம்பவே வசதி. வெள்ளக்காரங்களுக்கு வர்ற தலைவலி நமக்கு வராது. ஒரே வார்த்தையில ஒட்டிக்கிட்டே போகும், "நிடாகுஓம்பெயா"ன்னா "உனக்காக ஜெபிப்பேன்", நாம "ஜெபிப்பேன்"ங்கறதுல நான்ங்கறத உள்ளயே வச்சிருக்கற மாதிரி. நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்செலே, சோத்துக்கு வாலி, மூணுக்கும் தனித்தனி பேரு, இங்கிலீஷ்காரனுக்கு மூணும் ரைஸ்தான் பாவம். சாய், சப்பாத்தி, கடைக்கு டுகா, வண்டிக்கு காரி, இதெல்லாம் நம்ம நாட்டுல இருந்து கப்பலேறி வந்த வார்த்தைங்க. ஆனா ஒரு எடத்துல சிரிப்பு வரும், இங்க அம்மாவ "மாமா"ன்னு கூப்பிடுவாங்க. மூத்த பையன் பேர சேத்து என்னைய "மாமா டேனியல்"ன்னு கூப்பிட்டப்ப என் மாமியார் வீடியோ கால்ல கேட்டுட்டு ஒரு வாரம் சிரிச்சாங்க.

நேரம் சொல்றதுல ஏமாறாதீங்க. ஸ்வாஹிலியில மணி விடியல்ல இருந்து எண்ணுவாங்க, காலையில 7 மணிக்கு "சா மோஜா", அதாவது ஒரு மணி. ஆறு மணி நேரம் கழிச்சுக் கணக்குப் போடணும். நான் வந்த புதுசுல "மூணு மணிக்கு கூட்டம்"னு சொன்னத நம்பி மத்தியானம் 3 மணிக்கு போனேன், கூட்டம் காலையில 9 மணிக்கே ஆரம்பிச்சு கலைஞ்சும் போயிருச்சு. ரெண்டாவது தடவ உஷாரா 9 மணிக்குப் போனேன், அன்னைக்கு ஆளுங்க வந்து சேர 11 ஆச்சு.

உடனே கத்துக்க வேண்டிய வார்த்தை "போலே". யாராச்சும் தடுக்கி விழுந்தாலும், காய்ச்சல்னாலும், மூட்டை தூக்கிட்டு நடந்தாலும் "போலே"ன்னு சொல்லணும். தப்பு நம்ம மேல இருக்கணும்னு இல்ல, நம்ம பாட்டிமாரு "ச்சோ ச்சோ, ஐயோ பாவம்"ங்கற மாதிரி. தொலுவோவுல நன்றிக்கு "எரோகமானோ". வீட்டு வாசல்ல வந்து "ஹோடி"ன்னு குரல் குடுப்பாங்க, நீங்க "கரிபு"ன்னா உள்ள வருவாங்க. விசுவாசிங்க பாத்துக்கிட்டா "ப்வானா அசிஃபிவே", பதிலுக்கு "ஆமினா", நம்ம ஸ்தோத்திரம் மாதிரியேதான்.

லுவோல பேரு வைக்கிறது பொறந்த நேரத்த வச்சு. ராத்திரி பொறந்தா பையன் ஒடியேனோ, பொண்ணு அடியேனோ, மழையில பொறந்தா ஒகோத், அகோத். நான் வந்து எறங்கின அன்னைக்கு அடிச்ச மழைக்கு எனக்கு அகோத்னு வச்சுட்டாங்க, பேரு கெடச்ச அன்னைக்குத்தான் பெட்டிய முழுசா பிரிச்சு அடுக்கினேன்.

படி 4: உங்கள முஹிந்தின்னுதான் பாப்பாங்க

இது எந்த ட்ரெயினிங்லயும் சொல்லித்தரல. வெள்ளக்காரங்க முசுங்கு, நாம முஹிந்தி. மொம்பாசாவுல இருந்து கிசுமு வரைக்கும் 1901-ல முடிஞ்ச ரயில் பாதைய போட முப்பதாயிரத்துக்கு மேல இந்தியத் தொழிலாளிங்கள பிரிட்டிஷ்காரன் கொண்டு வந்தான், கூடவே கடை வைக்க குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வந்தாங்க. அதனால இங்க இந்தியன்னா கடைக்காரன், மொதலாளி, காசுல கறாரானவன். நான் சந்தையில நின்னா "எந்தக் கடை உங்களது?"ன்னு கேப்பாங்க. நீங்க சர்ச்சுல பின் பெஞ்சுல உக்காந்தா முன்னாடி கூப்பிட்டு சேர் போடுவாங்க, வேலை கேட்டு வருவாங்க, சில பேரு பழைய கோவத்தையும் காட்டுவாங்க.

இதுக்கு விளக்கம் குடுத்து மாளாது. ஒண்ணே ஒண்ணு பண்ணலாம், அவங்க வீட்டுக்குள்ள போய் அவங்க ஸ்டூல்ல உக்காந்து அவங்க குடுக்கறத சாப்பிடலாம். எங்க பக்கத்து ஊரு வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா ஐயா 1910-ல எடின்பரோ மாநாட்டுல வெள்ளக்கார மிஷனெரிங்க முன்னாடி நின்னு, காசும் உழைப்பும் எல்லாம் குடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்கள குடுங்கன்னு கேட்டாரு. சின்ன வயசுல அத கேக்கும்போது நான் கேக்குற பக்கத்துல நின்னேன், இப்ப ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் இருக்குறது என் வீட்ல, வாசல்ல நிக்கறது அவங்க. அந்தப் பேச்சு இப்ப எனக்கு ரொம்பவே குத்துது.

படி 5: ஒரு சாதாரண செவ்வாக்கிழமை

தம்பி கேட்டது இதத்தான். பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால வருஷம் பூரா ஆறரை வாக்குல விடியும், ஆறே முக்கால் வாக்குல பொசுக்குன்னு இருட்டிரும், அந்தி நேரம்னு நீளமா ஒண்ணு கெடையாது. அதனால நாள் சுருக்கு.

அஞ்சேகாலுக்கு எந்திரிப்பேன். மழைத்தண்ணி டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பாக்குறது முதல் வேலை, மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பெரிய மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சின்ன மழை, நடுவுல எல்லாம் சிக்கனம். குடிக்கற தண்ணிய வடிகட்டி கொதிக்க வச்சிருவேன், அது கொதிக்கிற இருபது நிமிஷம்தான் என் வேதவாசிப்பு. முன்னாடி ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்கணும்னு தீர்மானம் எடுத்து, ஒரு வாரம் நின்னு, அப்புறம் குற்ற உணர்ச்சியில ஒரு மாசம் பைபிளையே தொடாம இருந்த ஆளு நான். இப்ப பானையும் பைபிளும் ஒண்ணா. வாசிக்கறது தமிழ்லதான், அத விட்றாதீங்க. நாள் பூரா மூணு பாஷையில பேசி நாக்கு களைச்சுப் போயிருக்கும், கடவுள்கிட்டயாவது தாய்மொழியில பேசணும். போன கையில எடுக்கறதுக்கு முன்னாடி இது முடியணும். இந்திய நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, நாம எந்திரிக்கும்போதே ஊர்ல எல்லாரும் முழிச்சு ஃபேமிலி குரூப்ல நாப்பது மெசேஜ் கெடக்கும், அதுல உள்ள போனா ஜெபம் அவ்வளவுதான்.

ஏழுக்கு புள்ளைங்க ஸ்கூலுக்கு. எட்டு மணிக்கு மேல "ஹோடி" ஆரம்பிச்சிரும். ஒரு அம்மா ஆஸ்பத்திரி சீட்டோட வருவாங்க, ஒரு பையன் ஸ்கூல் ஃபீஸ்னு வருவான், ஒருத்தர் சும்மாவே வருவாரு, சும்மா வந்தவருக்குத்தான் நேரம் ஜாஸ்தி ஆகும், சாயா போட்டு, அவரு வீட்ல எல்லாரும் நலமா, மாடு நலமா, மழை எப்படின்னு எல்லாம் கேட்டு, கெளம்பும்போது வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் உண்மையிலேயே எதுக்கு வந்தாருன்னு சொல்லுவாரு. அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்துக்காக முன்னாடி நாப்பது நிமிஷம் உக்காரணும். நான் முதல்ல டைரியில மணிக்கு மணி திட்டம் போட்டு வச்சிருந்தேன், இப்ப ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை எழுதுறேன், அது நடந்தா சந்தோஷம்.

மத்தியானம் தையல் கிளாஸ். கரண்ட்டு ப்ரீபெய்டு, டோக்கன் நம்பர் அடிச்சு ஏத்தணும், தையல் மெஷின் காலால மிதிக்கறதா வாங்கினது நான் எடுத்த உருப்படியான முடிவு. காசு எல்லாம் எம்-பெசா, 2007-லயே போன்ல காசு அனுப்ப ஆரம்பிச்சவங்க இவங்க, கீரை விக்கிற பாட்டிகிட்டயும் நம்பர் இருக்கும், காணிக்கையும் அதுல வரும். சாயங்காலம் ஆறுக்குள்ள வீடு. மட்டாட்டுன்னு சொல்ற வேன்லயோ போடா போடான்னு சொல்ற பைக் டாக்ஸியிலயோ இருட்டினப்புறம் ஏறாதீங்க, ஹெல்மெட் குடுக்காத பைக்ல பகல்லயும் ஏறாதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு குடும்ப ஜெபம், ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், புள்ளைங்க பாதியில தூங்கிரும்.

திங்கக்கிழமை எங்களுக்கு லீவு, அன்னைக்கு கேட்ட சாத்தி வைப்போம். ஊழியக்காரனுக்கு லீவு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா அந்த லீவு எடுக்காத ரெண்டு குடும்பம் நாலாவது வருஷம் ஊருக்குத் திரும்பினத பாத்திருக்கேன்.

படி 6: சாப்பாடு

உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவுல கிண்டின களி. முதல் தடவ பாத்து பயப்படாதீங்க, கையில உருட்டி கட்டை விரலால குழி பண்ணி கீரைய அள்ளிச் சாப்பிடணும், நம்ம ஊர் கேப்பக்களி சாப்பிட்டவங்களுக்கு ரெண்டு நாள்ல பழகிரும். கூட சுகுமா விக்கின்னு ஒரு கீரை, பேருக்கு அர்த்தம் "வாரத்த தள்ளு", சம்பளம் வர்ற வரைக்கும் அதுலதான் தள்ளுவாங்க. ஒமேனான்னு பொடி மீன், நம்ம நெத்திலிக்கு அண்ணன் தம்பி, நான் அதுல புளி ஊத்தி அவியல் வச்சு பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன், மரியாதைக்கு சாப்பிட்டாங்க. கேப்பைக்கு விம்பின்னு பேரு, அதுல காய்ச்சற கூழு ஊஜி. எங்க ஆச்சி காய்ச்சின அதே கூழு, ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேற ஒரு ஆச்சி கையில இருந்து வாங்கிக் குடிச்சப்ப தொண்டை அடைச்சிருச்சு.

கிசுமு பக்கத்துல அஹேரோன்னு ஒரு எடத்துல நெல்லு வெளையுது, அரிசிக்குப் பஞ்சமில்ல. துவரம்பருப்பு, கடுகு எல்லாம் டவுன்ல இந்தியக் கடையில கெடைக்கும். ஊர்ல இருந்து கொண்டு வர வேண்டியது புளி, சாம்பார் பொடி, நல்ல இட்லி அரிசி, ஒரு சின்ன கிரைண்டர். இங்க பிளக் பாயிண்ட்டு மூணு சதுரப் பல்லு, அடாப்டர் நாலு வாங்கிட்டு வாங்க. விருந்துக்குப் போன வீட்ல கோழி அறுத்தா உங்களுக்காகத்தான் அறுத்திருக்காங்கன்னு அர்த்தம், வேண்டாம்னு சொல்லவே கூடாது, சைவம்னா முதல் நாளே சொல்லிருங்க.

படி 7: ஞாயித்துக்கிழமை

ஆராதனை மூணு மணி நேரம், சில நாள் நாலு. புதுசா வந்தவங்கள எழுப்பி வாழ்த்து சொல்லச் சொல்லுவாங்க, ரெண்டு வரி தொலுவோவுல மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க, அதுக்கு வர்ற குலவைச் சத்தம் ஒரு மாசத்துக்குத் தாங்கும். காணிக்கையில முட்டை, கோழி, வாழத்தார் வந்தா ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விடுவாங்க. இத பாத்ததும் எனக்கு நம்ம ஊர் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்தான் ஞாபகம் வந்துச்சு, ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகுமே. இங்கயும் பாஸ்டர்கிட்ட கோவத்துல இருக்கறவரு கோழிய ஏத்தி விட்டு எடுப்பாரு, மனுஷன் எங்கயும் மனுஷன்தான்.

படி 8: சாவு வீடு

இத தனியா எழுதுறேன். லுவோ மக்களுக்கு அடக்கம்ங்கறது ரொம்பப் பெரிய காரியம், பாடிய ஆஸ்பத்திரியில வச்சிருந்து, சொந்தம் எல்லாம் நைரோபியில இருந்து வந்து, ஹராம்பேன்னு காசு வசூல் பண்ணி, பெரும்பாலும் வெள்ளி சனியில சொந்த மண்ணுல அடக்கம். நாள் பூரா ஆகும். இந்த ஏரிக்கரை மாவட்டங்கள்லதான் கென்யாவுலயே எச்.ஐ.வி. ஜாஸ்தி, ஒரு தலைமுறையே போயி பாட்டிங்க பேரப்புள்ளைங்கள வளத்த வீடுங்க நிறைய. வந்த புதுசுல வாரா வாரம் சனிக்கிழமை அடக்கத்துல போறது எனக்கு எரிச்சல், ஊழியத்துக்கு இடைஞ்சல்னு நெனச்சேன், வெளிய சொல்லல.

அஞ்சாவது வருஷம் எங்க அப்பா தவறிட்டாங்க. கிசுமுவுல இருந்து நைரோபி, அங்கயிருந்து மாறி மாறி ஃப்ளைட்டு, அப்புறம் ரோடு, எப்படிப் பாத்தாலும் ஒண்ணரை நாள். ஊர்ல வைக்க முடியாதுன்னுட்டாங்க. வீடியோ கால்ல அடக்கம் பாத்தேன், நடுவுல நெட்வொர்க் போயிருச்சு. அன்னைக்கு சாயங்காலம் கேட்டு தொறக்கற சத்தம், நான் எந்தெந்த வீட்டு அடக்கத்துக்கு எரிச்சலோட போயி உக்காந்தேனோ அந்த வீட்டு அம்மாமாரு எல்லாம் பாயும் போர்வையுமா வந்திருந்தாங்க. மூணு ராத்திரி என் வீட்டு ஹால்லயே படுத்தாங்க, விறகு கொண்டு வந்தாங்க, பாடினாங்க, என்னைய ஒரு பாத்திரம் கழுவ விடல. யாரும் ஆறுதலா ஒரு வசனம்கூட சொல்லல, "போலே, அகோத்"தான்.

அதனால படி என்னன்னா, போங்க. சீக்கிரம் போயி லேட்டா வாங்க. விதவைங்க விஷயத்துல "தேரோ"ன்னு புருஷனோட சொந்தக்காரர் விதவைய ஏத்துக்குற ஒரு பழைய வழக்கம் உண்டு, அத பத்தி சபைக்குள்ளயே பல கருத்து இருக்கு, உள்ளூர் பாஸ்டரம்மாமாரு பேசட்டும், நீங்க முதல் வருஷம் அதுல வாய் வைக்காதீங்க.

படி 9: விசுவாசம் வத்திப் போகும்போது

போகும், ரெண்டாவது வருஷம் வாக்குல. புதுசுங்கற ஜோரு முடிஞ்சிரும், பாஷை பாதிதான் வந்திருக்கும், ஊர்ல உங்க வயசுக்காரங்க வீடு கட்டியிருப்பாங்க. ஜெபம் பண்ணா சுவத்துல பேசற மாதிரி இருக்கும். நான் என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்றேன். ஒண்ணு, சொந்தமா ஜெபிக்க வார்த்தை வராத நாள்ல சங்கீதத்த சத்தமா வாசிச்சேன், பழைய ஜெபப் புஸ்தகத்துல இருக்குற பாவ அறிக்கைய வாசிச்சேன், சின்ன வயசுல "கிளிப்பிள்ளை ஜெபம்"னு கிண்டல் பண்ணினதுதான் அன்னைக்குப் பிடிமானமா இருந்துச்சு. ரெண்டு, மிஷன் ஆபீஸ்ல இல்லாத ஒரு ஆளு, நம்மள மேற்பார்வை பண்ணாத ஒரு அக்காகிட்ட மாசம் ஒருதடவ உண்மை பேசுறேன். இந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம், சம்பளம் அனுப்பறவங்ககிட்ட யாரும் முழு உண்மை பேச மாட்டாங்க. மூணு, எனக்காக உள்ளூர் பொம்பளைங்கள ஜெபிக்கச் சொன்னேன். அதுவரைக்கும் நான் ஜெபிப்பேன், அவங்க தலை குனிவாங்க. மாத்தி உக்காந்தப்ப ஒரு வித்தியாசம் தெரிஞ்சுது. தூக்கமே வராம, அழுகை நிக்காம வாரக்கணக்கா போனா அது ஆவிக்குரிய வறட்சி மட்டும் இல்ல, டாக்டர பாருங்க, வெக்கப்படாதீங்க.

புருஷன் பெண்டாட்டி சண்டை இங்க வந்தா டபுள் ஆகும், ஓடிப்போக அம்மா வீடு கெடையாது. ஊழியத்துக்கு கூப்பிட்டது அவர மட்டும்தானா என்னையுமான்னு அந்தப் பேச்சு கெளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருங்க.

படி 10: காசும் ஜெபக்கடிதமும்

ஊர்ல இருந்து காசு வர்ற வழிய ஆடிட்டர் வச்சு சரி பண்ணுங்க. எல்.ஆர்.எஸ்.னு ஆர்.பி.ஐ. வச்சிருக்குற வழி தனி ஆளுங்களுக்குத்தான், வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும், டிரஸ்ட்டு அதுல அனுப்ப முடியாது. உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்.ஆர்.ஓ.வா, அதாவது வெளிநாட்டுல இருக்குற இந்தியருக்கான அக்கவுண்ட்டா மாத்தணும்.

இங்க கையில காசு கேட்டு வர்றவங்களுக்கு நாங்க மாசம் ஒரு தொகைய சபை கமிட்டிகிட்ட குடுத்துருவோம், அவங்க முடிவு பண்ணுவாங்க. யாருக்கு நெசமா கஷ்டம்னு அவங்களுக்குத் தெரியும், நமக்கு நல்லா அழறவங்களத்தான் தெரியும்.

ஊர்ல நமக்காக ஜெபிக்கறவங்களுக்கு அனுப்புற ஜெபக்கடிதத்துல கூட்டி எழுதாதீங்க. இருபது பேரு கை தூக்கினா இருபது பேரு கை தூக்கினாங்கன்னு எழுதுங்க, ரட்சிக்கப்பட்டாங்கன்னு எழுதாதீங்க, பாதிப்பேரு மரியாதைக்குத் தூக்கியிருப்பாங்க. மூக்கு ஒழுகற கொழந்தை ஃபோட்டோ போட்டா காணிக்கை ஜாஸ்தி வரும்னு எனக்கும் தெரியும், நானும் ஒண்ணு போட்டிருக்கேன். அந்தக் கொழந்தையோட அக்கா இப்ப ஃபேஸ்புக்ல இருக்கா, எங்க கடிதத்த எவனோ ஷேர் பண்ணி அவ பாத்துட்டு வந்து, "மாமா டேனியல், எங்க வீட்ல நல்ல சட்டையும் இருந்துச்சே"ன்னா. அதுக்கப்புறம் ஃபோட்டோ எடுக்குமுன்ன கேட்டு, முகம் கழுவி தலை வாரி நிக்கவச்சுத்தான் எடுக்கறேன்.

படி 11: லீவு

ஊருக்குப் போற வருஷம் மஞ்சள் கார்ட கைப்பையில வைங்க, பெட்டியில இல்ல. சொந்த சபையில "பத்து நிமிஷத்துல சாட்சி சொல்லுங்க"ம்பாங்க, யானை சிங்கம் பாத்தீங்களான்னு கேப்பாங்க, எங்க ஊர்ல ரெண்டும் இல்ல. எல்லா சேகரத்துக்கும் பேச ஒத்துக்காதீங்க, முதல் ரெண்டு வாரம் வெறுமனே தூங்குங்க. பல்லு, கண்ணு, ரத்தம் எல்லாம் செக் பண்ணிக்கோங்க.

திரும்பி வரும்போது ஒரு வேலை மறக்காம பண்ணுங்க. போன்ல எடுத்து வச்சிருக்குற பக்கத்து வீட்டுக்காரங்க ஃபோட்டோவ எல்லாம் நல்ல பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிட்டு வாங்க, செலவு கம்மி, ஆனா இங்க சேலை துணிமணிய விட அதுக்குத்தான் மதிப்பு. வந்த மறுநாள் காலையிலயே ஒரு வீட்டுக்கு அத கொண்டு போனீங்கன்னா, சாயா வரும், அப்புறம் உகாலி வரும், ஃபோட்டோவுல இருக்கற ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு அனுப்புவாங்க, அதனால அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வேற எதுவும் வச்சுக்காதீங்க.